பெண் பிள்ளைகளும் சரீர நலமும்: சபைத் தாய்மார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எனக்கு மூன்று மகள்கள். மூத்தவளுக்கு 17 வயது, நடுவில் உள்ளவளுக்கு 13, கடைக்குட்டிக்கு 8. பாளையங்கோட்டையில் எங்கள் ஆலய வளாகத்தில் மாலை நேரங்களில் நாங்கள் நால்வரும் இறகுப்பந்து ஆடுவதைப் பார்த்த தாய்மார்கள், பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும் நேரத்தில் என்னை நிறுத்திக் கேட்ட கேள்விகள் இவை. திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள் வந்ததால், ஒருமுறை நிதானமாக எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. நான் மருத்துவர் அல்ல. ஆகவே மருத்துவரிடம் போக வேண்டிய இடம் வந்தால் அதை அந்தந்தப் பதிலிலேயே சொல்லியிருக்கிறேன்.

"பிள்ளைகள் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடியாட வேண்டும்? பள்ளிக்கூடத்து பி.டி. பீரியடு போதாதா?"

போதாது. 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை அசைக்க வேண்டும் என்றும், வாரத்தில் 3 நாட்களாவது எலும்பையும் தசையையும் பலப்படுத்தும் ஓட்டம், குதித்தல் போன்றவை அதில் இருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. பி.டி. பீரியடு வாரத்தில் இரண்டு வந்தால் பெரிது. அதிலும் ஒன்றைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்கிற பள்ளிகள் நம் ஊரில் குறைவில்லை.

அந்த 60 நிமிடமும் ஒரே மூச்சில் நடக்க வேண்டியதில்லை. காலையில் பள்ளிக்கு நடப்பது 15 நிமிடம், மாலையில் விளையாட்டு 30 நிமிடம், வாசல் பெருக்குவதும் மாடியில் துணி காயப்போடுவதும் 15 நிமிடம் என்று பிரிந்து வந்தாலும் கணக்கில் சேரும். எங்கள் வீட்டில் ஐந்தரை மணி முதல் ஆறரை வரை யாரும் புத்தகத்தையும் தொடுவதில்லை, போனையும் தொடுவதில்லை. குடும்ப ஜெபத்துக்கு நேரம் குறித்திருப்பதைப் போலவே இதற்கும் குறித்திருக்கிறோம். குறிக்காத நேரம் எதற்கும் கிடைப்பதில்லை என்பது என் அனுபவம்.

"எங்கள் தெருவில் மைதானமே இல்லை. இந்தக் காலத்தில் பெண் பிள்ளையை எப்படி வெளியே அனுப்புவது?"

பயம் நியாயமானது. அதற்காகத் தாய்மாரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் தனியாக அனுப்புவதற்கும் வீட்டுக்குள் உட்கார வைப்பதற்கும் நடுவே பல வழிகள் உண்டு. ஸ்கிப்பிங் கயிறு மிக மலிவானது. மொட்டை மாடியில் ஆறடி இடம் போதும். பாண்டி ஆட ஒரு துண்டுச் சாக்பீஸும் ஓட்டுச் சில்லும் போதும். ஒற்றைக் காலில் நொண்டிக் குதிக்கும் அந்த ஆட்டம் எலும்புக்கு மிகவும் நல்லது என்று தெரியாமலே நம் ஆச்சிமார் ஆடியிருக்கிறார்கள்.

இன்னொரு யோசனை, ஆலய வளாகம். பெரும்பாலான சபைகளில் ஞாயிறு தவிர மற்ற நாட்களில் அந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது. எங்கள் சபைக் குருவான ஐயரவர்களிடம் நாலைந்து தாய்மார் சேர்ந்து போய்க் கேட்டோம்; அனுமதி கிடைத்தது. முறைவைத்து இரண்டு பேர் கூட இருக்கிறோம், பிள்ளைகள் ஆடுகிறார்கள். கூடைப்பந்து 1891-இலும் கைப்பந்து 1895-இலும் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் கூடங்களில்தான் பிறந்தன என்பதையும், ஆசியாவின் மிகப் பழமையான உடற்கல்விக் கல்லூரிகளில் ஒன்றை அதே சங்கத்தின் ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் தொடங்கினார் என்பதையும் அன்று சொன்னேன். சபைக்கும் விளையாட்டுக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்திருந்த ஒரு மூப்பருக்கு அது புதிய செய்தியாக இருந்தது.

"சரீரமுயற்சி அற்ப பிரயோஜனமுள்ளது என்று வேதமே சொல்லுகிறதே அக்கா?"

அதிகமாகக் கேட்கப்படுவது இதுதான். 1 தீமோத்தேயு 4:8-இல் அந்த வார்த்தை உண்மையாகவே இருக்கிறது. ஆனால் முழு வசனத்தையும் வாசிக்க வேண்டும்: தேவபக்தி இந்த ஜீவனுக்கும் இதற்குப் பின்வரும் ஜீவனுக்கும் வாக்குத்தத்தமுள்ளதாகையால் எல்லாவற்றிலும் பிரயோஜனமுள்ளது என்று பவுல் ஒப்பிட்டுச் சொல்லுகிறார். நித்தியத்தோடு ஒப்பிட்டால் சரீரமுயற்சியின் பயன் சிறியது; பயனே இல்லை என்று அவர் சொல்லவில்லை. அதற்கு முந்தின வசனத்தில் "தேவபக்திக்கேதுவாக முயற்சிபண்ணு" என்று சொல்லும்போதும் விளையாட்டு வீரரின் பயிற்சியைக் குறிக்கும் சொல்லையே எடுத்தாளுகிறார். பயிற்சியை இகழ்கிறவர் அதை உவமையாக்க மாட்டார்.

உங்கள் சரீரம் பரிசுத்த ஆவியினுடைய ஆலயம் என்றும், நீங்கள் உங்களுடையவர்களல்ல என்றும் 1 கொரிந்தியர் 6:19 சொல்கிறது. ஆலயத்துக்கு வெள்ளையடித்து, கூரையைச் செப்பனிட்டு, மணியைத் துடைத்து வைக்கிற நாம், பிள்ளையின் சரீரத்தை மட்டும் கவனிக்காமல் விடுவது எப்படிச் சரியாகும்? அதே சமயம், அது நம்முடையது அல்ல என்ற இரண்டாம் பகுதியை நான் இன்னும் அழுத்திச் சொல்வேன். என் மகளின் சரீரம் பிறர் பார்த்து மெச்சுவதற்காக அவளுக்குக் கொடுக்கப்படவில்லை; அவள் உழைப்பதற்கும் பிறருக்கு உதவுவதற்கும் கொடுக்கப்பட்டது. இந்தப் பக்கத்தில் உள்ள மற்ற பதில்கள் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

ரெபெக்காளின் கதையைக் கடைக்குட்டிக்கு நான் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். ஆதியாகமம் 24-இல் ஈசாக்குக்குப் பெண் தேடி வந்த ஆபிரகாமின் ஊழியக்காரனிடம் பத்து ஒட்டகங்கள் இருந்தன. நெடும் பயணத்தில் தாகமெடுத்த ஒட்டகம் ஒரே தடவையில் 100 லிட்டர் வரை கூடக் குடிக்கக்கூடியது. துரவுக்கும் (கிணற்றுக்கும்) தொட்டிக்குமாக அவள் குடத்தோடு ஓடி ஓடி வார்த்தாள் என்று வேதம் எழுதி வைத்திருக்கிறது. அழகான பெண் என்று மட்டுமே நாம் நினைத்திருக்கும் ரெபெக்காளுக்கு எவ்வளவு பலமான தோள்கள் இருந்திருக்க வேண்டும் என்று என் மகள் அன்று கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

"சாப்பாட்டில் என்ன மாற்றம் செய்தீர்கள்? தனியாக எதுவும் வாங்க வேண்டுமா?"

தனியாக எதுவும் வாங்கவில்லை. விளம்பரத்தில் வரும் சத்து மாவு டப்பாக்களை நிறுத்தினோம். வாரம் மூன்று நாள் முருங்கைக்கீரை அல்லது வேறு கீரை, மாலையில் பிஸ்கட்டுக்குப் பதில் கொண்டைக்கடலை அல்லது பாசிப்பயறு சுண்டல், வாரத்தில் இரண்டு நாள் சாளை, நெத்திலி போன்ற சிறு மீன், காலையில் இரண்டு நாள் கேப்பை (கேழ்வரகு) கூழ். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதே எடைப் பாலில் சுமார் 120 தான். பெண்களுக்கு எலும்பின் பெரும்பகுதி 18 வயதுக்குள்ளேயே உருவாகி முடிந்துவிடுவதால், இந்த ஆண்டுகளில் விட்டதைப் பின்னால் பிடிப்பது கடினம்.

இரும்புச் சத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. பிள்ளை சோம்பேறி என்று நாம் திட்டிக்கொண்டிருக்கும்போது அவள் இரத்தத்தில் இரும்பு இல்லாமல் இருக்கலாம். கீரையோடும் பயறோடும் எலுமிச்சம்பழம், நெல்லிக்காய், தக்காளி போன்ற புளிப்பைச் சேர்த்தால் இரும்பு உடலில் நன்றாகச் சேரும். சாப்பிட்டவுடன் தேநீர் அல்லது காப்பி குடித்தால் அது தடைபடும்; ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கருப்பட்டி நல்லதுதானே என்று கேட்கிறார்கள். அதுவும் சர்க்கரைதான், அளவு வேண்டும்.

"பள்ளியில் கொடுக்கும் நீல மாத்திரையை என் மகள் தூக்கிப் போடுகிறாள். ஜெபம் செய்தால் போதாதா?"

அது வாரம் ஒருமுறை கொடுக்கும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரை. மேலே சொன்ன இரத்தசோகையைத் தடுப்பதற்காகவே அரசு கொடுக்கிறது. வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும். சாப்பாட்டுக்குப் பின் விழுங்கச் சொல்லுங்கள். மலம் கறுப்பாகப் போவது இரும்பின் நிறம்; பயப்பட வேண்டாம். ஆண்டுக்கு இருமுறை கொடுக்கும் பூச்சி மாத்திரையையும் தவறவிடக் கூடாது. பிள்ளை எப்போதும் சோர்ந்து, வெளிறி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கினால் இரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். 12 வயதுக்கு மேற்பட்ட பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஜெபத்தைப் பற்றி: ஜெபமும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. சுவிசேஷம் எழுதிய லூக்காவையே பவுல் "பிரியமான வைத்தியன்" என்றுதான் குறிப்பிடுகிறார். யவீருவின் மகளை உயிரோடு எழுப்பிய ஆண்டவர், அடுத்ததாக அவளுக்கு ஆகாரம் கொடுக்கும்படி சொன்னார் என்று மாற்கு 5:43-இல் வாசிக்கிறோம். அவளுக்குப் பன்னிரண்டு வயது. அற்புதம் நடந்த வீட்டிலும் அந்தப் பிள்ளைக்குச் சாப்பாடு தேவையாக இருந்தது. இந்த வசனத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

"அசனத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் என்ன செய்வீர்கள்? பிள்ளைகளைச் சாப்பிட வேண்டாம் என்று தடுப்பீர்களா?"

ஒருநாளும் தடுத்ததில்லை. சபை விருந்தான அசனப் பந்தியில் உட்கார்ந்து சபையாரோடு சேர்ந்து சாப்பிடுவது பிள்ளைக்குத் தேவையான சந்தோஷம். முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் கேக்கும் கிறிஸ்துமஸின் பங்கு. பண்டிகை பண்டிகையாக இருக்கட்டும். வாரத்தில் ஏழு நாளும் பண்டிகையாக்கிவிடுவதுதான் தொல்லை. டிசம்பர் முழுவதும் டப்பாவைத் திறந்து வைப்பதில்லை. அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்பிவிடுகிறோம். பிள்ளைகளே தட்டை எடுத்துக்கொண்டு நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

"அந்த மூன்று நாட்களிலும் விளையாடலாமா? கர்ப்பப்பைக்குக் கெடுதல் என்கிறார்கள்."

விளையாடலாம். நடப்பதும் மிதமான பயிற்சியும் பலருக்கு அடிவயிற்று வலியைக் குறைக்கின்றன. முடியாத அளவு வலித்தால் ஓய்வெடுக்கலாம். அதை அவளே முடிவு செய்யட்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனையும் அளவு போக்கு இருந்தாலும், ஏழு நாளைத் தாண்டினாலும், மாதாமாதம் பள்ளிக்கே போக முடியாதபடி வலித்தாலும் மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். பெரும்பாடுள்ள, அதாவது நிற்காத உதிரப்போக்குள்ள ஸ்திரீ தம்மைத் தொட்டபோது ஆண்டவர் அவளை விலக்காமல் "மகளே" என்று அழைத்தார். நம் வீடுகளில் மட்டும் ஏன் மகள் ஒதுங்கி உட்கார வேண்டும்?

"டிராக் பேண்ட் போடலாமா? உபாகமம் 22:5 புருஷரின் உடையை ஸ்திரீகள் தரிக்கலாகாது என்கிறதே."

பெண்களுக்கென்று தைத்த, தளர்வான டிராக் பேண்டும் நீளமான டீ-சர்ட்டும் பெண்களின் உடைதான் என்பது என் எண்ணம். உங்கள் சபையின் ஒழுங்கு வேறாக இருந்தால் சுடிதார் போட்டே ஓடலாம். துப்பட்டாவை மட்டும் கழற்றி வைத்துவிடுங்கள், காலில் சிக்கும். உடையைக் காரணமாக்கி ஓட்டத்தை நிறுத்திவிடாதீர்கள்.

"வெயிலில் ஆடினால் கறுத்துப் போவாளே. நாளைக்குக் கல்யாணம் என்று வந்தால்?"

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் ஆச்சிமார் கேட்கிறார்கள், அன்பினால்தான் கேட்கிறார்கள். ஆகையால் கோபப்படாமல் பதில் சொல்லப் பழகிக்கொண்டேன். உன்னதப்பாட்டில் வருகிற மணவாட்டி "நான் கறுப்பாயிருந்தாலும், அழகாயிருக்கிறேன்" என்று எருசலேமின் குமாரத்திகளிடம் தலைநிமிர்ந்து சொல்கிறாள்; திராட்சத்தோட்டத்தைக் காவல் காத்ததால் வெயில் பட்டது என்று காரணமும் சொல்கிறாள். உழைப்பினால் வந்த நிறத்துக்கு வேதத்தில் வெட்கமில்லை. நண்பகல் வெயிலைத் தவிர்ப்பது தோலுக்கும் தலைக்கும் நல்லது என்பதால் மாலையில் ஆடுகிறோம். நிறத்துக்காக அல்ல என்பதைப் பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்லியிருக்கிறேன்.

"ஞாயிற்றுக்கிழமை மேட்ச் வைத்தால் என்ன செய்வது?"

எரிக் லிடெல் என்ற ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்ததால் அதில் ஓட மறுத்தார். அதற்குப் பதில் 400 மீட்டர் ஓடி, 47.6 நொடியில் தங்கப் பதக்கம் வென்றார். பிறகு மிஷனெரியாகச் சீனாவுக்குப் போய், 1945-இல் அங்கே ஒரு தடுப்பு முகாமில் மரித்தார். மேலே நான் குறிப்பிட்ட ஹாரி குரோ பக் அந்த ஒலிம்பிக்குக்கு இந்திய அணியின் மேலாளராகப் போயிருந்தார்.

இருந்தாலும், லிடெலுக்குப் பதக்கம் கிடைத்ததைப் போல உனக்கும் கிடைக்கும் என்று நான் மகளிடம் சொல்வதில்லை. அப்படிச் சொல்வது பேரம் ஆகிவிடும். நடு மகள் கோ-கோ அணியில் இருக்கிறாள். ஞாயிறு போட்டி வந்தால் முதல் ஆராதனைக்குப் போய்விட்டு அடுத்து மைதானத்துக்குப் போக முடியுமா என்று பார்ப்போம். முடியாதபோது, ஒருமுறை அவள் போட்டியை விட்டாள்; அன்று மாலை அழுதாள். அந்த அழுகையை அலட்சியப்படுத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் ஓடவே கூடாது என்று நான் நினைக்கவில்லை. ஆராதனை முடிந்து மாலையில் குடும்பமாக ஆற்றங்கரையில் நடப்பதும் ஓய்வுதான்.

"பள்ளியில் யோகா வகுப்பு வைக்கிறார்கள். அனுப்பலாமா?"

கிறிஸ்தவர்களுக்குள்ளேயே இதில் ஒரே கருத்து இல்லை. உடலை வளைத்து நீட்டுவது எந்த மதத்துக்கும் தனிச்சொத்தல்ல. ஆனால் மந்திரம் சொல்வதும் சூரியனை வணங்குவதும் நம் விசுவாசத்தோடு இசையாதவை. நான் வகுப்பு ஆசிரியையை நேரில் பார்த்து, பயிற்சிகளை மகள் செய்வாள், மந்திரம் வரும்போது அமைதியாக நிற்பாள் என்று மரியாதையாகச் சொன்னேன், அவர் ஒத்துக்கொண்டார். உங்கள் மனச்சாட்சி அதையும் ஏற்காவிட்டால் அந்த நேரத்தில் வேறு பயிற்சி தரும்படி கேளுங்கள். அவனவன் தன்தன் மனதிலே முழுநிச்சயத்தைப் பண்ணிக்கொள்ளக்கடவன் என்கிறது ரோமர் 14:5. யோகா செய்கிற தோழியைக் கேலி செய்யக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள்.

"மகள் குண்டாகிக்கொண்டே போகிறாள். எப்படிச் சொல்வது?"

அவளிடம் சொல்லாதீர்கள். இதை நான் பட்டுத்தான் கற்றேன். மூத்தவளுக்கு 15 வயதிருக்கும்போது, ஒரு கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போன கடையில், உறவினர் நாலு பேர் நிற்கையில், "இந்த அளவு உனக்குப் பத்தாது, கொஞ்சம் வாயைக் கட்டு" என்று சொல்லிவிட்டேன். அவள் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. அதன்பின் ஏறக்குறைய ஒரு மாதம் மதியச் சாப்பாட்டைத் தோழிக்குக் கொடுத்துவிட்டுப் பட்டினி கிடந்திருக்கிறாள். அவளுடைய ஆசிரியை சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அன்றிரவு குடும்ப ஜெபத்தில் எல்லார் முன்னிலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். நாலு பேர் முன் சொன்ன சொல்லுக்குத் தனியறையில் கேட்கும் மன்னிப்பு போதாது என்று தோன்றியது.

அதற்குப் பின் எங்கள் வீட்டில் எடை, இடுப்பளவு, "ஒல்லி", "குண்டு" என்ற பேச்சே கிடையாது. வளரும் பிள்ளையை டயட்டில் போடக் கூடாது. உண்மையாகவே கவலை இருந்தால் உயரத்தையும் வயதையும் சேர்த்துப் பார்த்துச் சொல்ல குழந்தை மருத்துவர் இருக்கிறார். வீட்டில் செய்ய வேண்டியது, குடும்பம் முழுவதற்கும் ஒரே சாப்பாடு, ஒரே நடை. ஒருத்திக்கு மட்டும் தனித் தட்டு வைத்தால் அது தண்டனையாகத்தான் தெரியும். "நீ இளைத்தாய்" என்று பாராட்டுவதையும் விட்டுவிட்டேன். "இன்றைக்கு நிற்காமல் முழு வளாகத்தையும் சுற்றி வந்தாயே" என்று சொல்கிறேன். மூன்றாவது கேள்விக்கான பதிலில் உழைக்கும் சரீரம் என்று எழுதியது இதைத்தான்.

"லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில்) பிள்ளைகளும் உபவாசம் இருக்கலாமா?"

வளரும் வயதில் சாப்பாட்டை விட்டு உபவாசிக்க நான் அனுமதிப்பதில்லை. இரத்தசோகை உள்ளவர்களுக்கு இது இன்னும் கெடுதல். மேலே சொன்ன சம்பவத்துக்குப் பின் இன்னொரு காரணமும் கண்ணில் பட்டது: இளைக்க வேண்டும் என்று சாப்பாட்டை வெறுக்கிற பிள்ளைக்கு உபவாசம் என்ற பெயர் நல்ல மறைவிடமாகிவிடும். பக்தி என்று நாம் மெச்சிக்கொண்டிருப்போம். அவள் உள்ளுக்குள் வாடிக்கொண்டிருப்பாள். ஆகவே பெரிய பிள்ளைகள் உபவாசம் கேட்டால், ஏன் என்று கனிவாக விசாரியுங்கள்.

என் பிள்ளைகள் லெந்தின் 40 நாளும் சிப்ஸ், குளிர்பானம், இரவு போன் ஆகியவற்றை விடுகிறார்கள். மிச்சமாகும் காசு உண்டியலில் சேர்ந்து, ஈஸ்டருக்கு முன் ஒரு குடும்பத்துக்கு அரிசியும் பருப்புமாகப் போகிறது. பசியுள்ளவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்துகொடுப்பதே தமக்குப் பிரியமான உபவாசம் என்று ஏசாயா 58-இல் கர்த்தர் சொல்லியிருக்கிறார்.

"பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் இதெல்லாம் முடியுமா? தூங்கவே நேரமில்லையே!"

அந்தத் தூக்கத்தைத்தான் முதலில் மீட்க வேண்டும். 13 முதல் 18 வயதுள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை; 6 முதல் 12 வயதுள்ளவர்களுக்கு 9 முதல் 12. இரவு பன்னிரண்டு வரை விழித்துக் காலை நாலு மணிக்கு எழும் பிள்ளை படித்ததை மனதில் நிறுத்த முடியாமல் தவிக்கிறது. மூத்தவள் இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு. பத்து மணிக்கு விளக்கணைத்துவிடுவோம். மாலை ஒரு மணி நேரத்தை அரை மணியாகக் குறைத்திருக்கிறோம், நிறுத்தவில்லை.

சூரைச்செடியின் கீழ் சாக வேண்டும் என்று சோர்ந்து படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் முதலில் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டு, அடை கொடுத்து, தண்ணீர் கொடுத்து, மறுபடியும் தூங்கவிட்டு, "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றான். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையிடம் நான் பேச நினைக்கும் பல வார்த்தைகளை இந்தப் பகுதி நிறுத்தியிருக்கிறது.

"எனக்கே 45 வயது, முட்டு வலிக்கிறது. நான் எங்கே பிள்ளையோடு ஓடுவது?"

ஓட வேண்டாம், கூட வாருங்கள். பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான நடை போதும். அதையும் முதல் வாரத்தில் பத்துப் பத்து நிமிடமாகத் தொடங்கலாம். கையைப் பிடிக்காமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் பத்துத் தடவை செய்தால் தொடைத் தசை பலப்படும். முட்டின் பாரம் குறையும். வீங்கியிருந்தாலோ இரவில் வலித்து எழுப்பினாலோ முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். எங்கள் வளாகத்தில் முட்டு வலியோடு வருகிற இரண்டு தாய்மார் ஆடுவதில்லை. ஒருவர் மதிலோரமாக மெதுவாக நடக்கிறார், இன்னொருவர் நாற்காலியில் உட்கார்ந்து பாயிண்ட் எண்ணுகிறார். அவர்களுடைய பிள்ளைகள் ஒருநாளும் வராமல் இருந்ததில்லை.